கடலுக்கு இறங்கும் சால்மன் குஞ்சுகளைக் கணக்கெடுப்பது எப்படி? குறியிட்டு மீளப் பிடிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்ற, நிலத்துக்குள் நீளும் கடற்பகுதியில் கலக்கும் ஆறுகளில் ஜனவரி முதல் ஜூலை வரை சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இரவில்தான். ஆற்றின் குறுக்கே வேலி கட்டி ஒவ்வொன்றாக எண்ணுவது சின்ன ஓடைகளில் நடக்கும். பனி உருகி வெள்ளம் வரும் பெரிய ஆற்றில் வேலி நிற்காது. அதனால் ஓடும் நீரின் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பொறியை மிதக்கவிட்டு, சிக்கியதை வைத்துச் சிக்காததையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இந்த வழிகாட்டி, ஒரே ஒரு பொறியை வைத்து அந்தக் கணக்கை எடுக்கும் முறையைப் பற்றியது. கோஹோ, சினூக் ஆகிய இரண்டு இனங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

அடிப்படைக் கணக்கு

பொறியில் இந்த வாரம் 1,000 குஞ்சு விழுந்தது என்பது மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரிந்ததாகாது. ஆற்றில் போன பத்தில் ஒன்றா, நூற்றில் ஒன்றா? அதைக் கண்டுபிடிக்க, சிக்கிய குஞ்சுகளில் சிலவற்றுக்குக் குறியிட்டு, பொறிக்கு மேலே, அதாவது நீர் வரும் திசையில், கொண்டுபோய் ஆற்றில் விட வேண்டும். அவற்றில் எத்தனை மீண்டும் சிக்குகின்றன என்பதுதான் பொறியின் பிடிதிறன். 400 விட்டு 40 சிக்கினால் பிடிதிறன் 10 சதவீதம். அப்படியானால் 1,000 சிக்கிய வாரத்தில் சுமார் 10,000 இறங்கியிருக்கும்.

டென்மார்க்கின் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தட்டை மீன்களுக்கு அடையாளம் இட்டு ஆராய்ந்தார். இந்தக் கணக்கு இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. மீண்டும் சிக்கும் எண்ணிக்கை சிறிதாக இருந்தால் அவருடைய எளிய வகுத்தல் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 1951-ல் சாப்மன் மேலும் கீழும் ஒன்றைக் கூட்டி அதைத் திருத்தினார். ஒற்றைப் பொறிக்கு ஏற்ற வடிவம் இது:

இறங்கிய மொத்தம் = பு × (கு + 1) ÷ (மீ + 1)

பு: பொறியில் சிக்கிய குறியில்லாத மீன்கள். கு: குறியிட்டு மேலே விட்டவை. மீ: அவற்றில் மீண்டும் சிக்கியவை.

குறியிட்ட மீன் எதுவும் முதலில் பிடிபட்டபோதே ‘பு’வில் ஏறிவிட்டது. எனவே இரண்டாம் முறை சிக்கும்போது அதைப் ‘பு’வில் சேர்க்கக் கூடாது. படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இல்லையென்றால் இந்தத் தவறு நடந்தே தீரும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை சீராக வெந்திருந்தால்தான் பொருந்தும். ஆறு அப்படி இல்லை. நீர்மட்டம் ஒரு அடி ஏறினால் பிடிதிறன் பாதியாகலாம். பின்வரும் வேலைகளில் பெரும்பகுதி, குறியிட்ட மீனும் குறியில்லாத மீனும் ஒரே ஆற்றை, ஒரே நாளில், ஒரே மாதிரி கடக்கச் செய்வதற்காகத்தான்.

படி 1: எத்தனை மீனுக்குக் குறியிட வேண்டும்?

மதிப்பீட்டின் துல்லியம் பெரும்பாலும் ‘மீ’யைப் பொறுத்தது. ஒன்றை ‘மீ’யின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழையின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 10 மீன் திரும்பக் கிடைத்தால் பிழை ஏறக்குறைய 30 சதவீதம். 25 கிடைத்தால் 20. 100 கிடைத்தால் 10. பிடிதிறன் 5 சதவீதமாக இருக்கும் ஆற்றில் 25 மீன் திரும்ப வேண்டுமென்றால் 500 மீன் விட வேண்டும். ஏழுக்கும் குறைவாகத் திரும்பிய வாரத்தைத் தனியாகக் கணக்கிடாதீர்கள்.

ஒரே நாளில் 1,000 விடுவதைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று முறை 150, 200 என்று விடுவது நல்லது. ஒரே இரவில் விட்டவை அந்த ஓர் இரவின் ஆற்றைப் பற்றித்தான் சொல்லும்.

அனுமதி இல்லாமல் எதையும் தொடங்க முடியாது. பியூஜெட் சவுண்ட் சினூக் 1999 முதல், ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் மீன்) 2007 முதல் அமெரிக்க அழிநிலை உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. எத்தனை மீனைப் பிடிக்கலாம், எத்தனை இறந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது அனுமதியிலேயே எழுதப்பட்டிருக்கும். இறப்புக் கணக்கை அன்றன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

படி 2: பொறியும் இடமும்

பரவலாகப் பயன்படுவது திருகுப் பொறி. இரண்டு மிதவைகளுக்கு நடுவே, சல்லடைத் தகட்டால் ஆன கூம்பு ஒன்று நீரோட்டத்தைப் பார்த்தபடி பாதி மூழ்கியிருக்கும். உள்ளே திருகாணி போன்ற தகடு. நீர் தள்ளும்போது கூம்பு சுழலும். உள்ளே வந்த மீன் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பின்னால் உள்ள பெட்டியில் விழும். கூம்பின் வாய் 1.5 மீட்டர் அல்லது 2.4 மீட்டர் விட்டம். சின்னதற்கு ஒரு மீட்டராவது ஆழம் வேண்டும். பெரியதற்கு ஒன்றரை மீட்டர்.

நீரின் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் குறைந்தால், 100 மி.மீ.க்கு மேல் வளர்ந்த கோஹோ கூம்பின் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பி நீந்திப் போய்விடும். ஆறு குறுகி, ஓட்டம் ஒரே தாரையாகச் சேரும் இடம் சிறந்தது. கடல் ஏற்றவற்றத்தின் பாதிப்பு எட்டாத இடமாக இருக்க வேண்டும். பொறிக்குக் கீழே முட்டையிடும் மீன்களின் குஞ்சுகள் கணக்கில் வராது என்பதால், முட்டையிடும் பகுதிகளுக்குக் கீழே எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

பொறியை இடம் மாற்றினால் பழைய பிடிதிறன் செல்லாது. நீர் குறைந்ததால் நடு ஓட்டத்தை நோக்கி இரண்டு மீட்டர் இழுத்துக் கட்டினாலும், அந்த நாளிலிருந்து புதிய காலப்பகுதி தொடங்குகிறது என்று எழுதிவிடுங்கள்.

படி 3: தினசரி வேலை

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்பது குறைந்தபட்சம். இலை, கிளை அடித்துவரும் நாட்களில் இரவு முழுக்க ஆள் இருக்க வேண்டும். போனதும் முதலில் கூம்பு மூன்று சுற்று சுற்ற எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு பெட்டியைத் திறங்கள். கட்டை சிக்கிக் கூம்பு நின்றிருந்தால், சுற்று எண்ணும் கருவியைப் பார்த்து எப்போது நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம், வெப்பநிலை, கலங்கல் மூன்றும் தினமும் படிவத்தில் ஏற வேண்டும்.

பெட்டிக்குள் ஸ்கல்பின், பெரிய டிரவுட் போன்ற குஞ்சு தின்னும் மீன்கள் விழுந்தால் 40 மி.மீ. சினூக் குஞ்சுகளை விருந்தாக்கிவிடும். பெட்டியின் ஒரு மூலையில் மரக்கிளைகளையோ குஞ்சு மட்டும் நுழையும் கண்ணுள்ள வலைத் தடுப்பையோ வையுங்கள். மேலே உள்ள பொரிப்பகம் (முட்டை பொரித்துக் குஞ்சு வளர்க்கும் பண்ணை) லட்சக்கணக்கில் மீன் விடும் தேதியை முன்கூட்டியே கேட்டு வைப்பதும் அவசியம். அந்த இரவுகளில் மணிக்கொரு முறை பெட்டியைக் காலி செய்ய ஆள் இல்லையென்றால் கூம்பைத் தூக்கிவிடுவதே மேல். பெட்டியில் நெரிசலால் மீன் சாவதைவிட ஓர் இரவுக் கணக்கை இழப்பது பரவாயில்லை.

படி 4: மயக்கமும் குறியும்

மயக்க மருந்து எம்எஸ்-222. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் கரைத்த கரைசலைக் கரும்பாட்டிலில் வைத்துக்கொண்டால், 10 லிட்டர் வாளிக்கு 60 மில்லி ஊற்றினால் போதும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரும். மருந்து நீரை அமிலமாக்கும். மலையிலிருந்து வரும் மென்னீரில் அதைத் தாங்கும் சக்தி குறைவு. எனவே மருந்தின் எடைக்குச் சமமான சமையல் சோடாவைச் சேருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாயும். அதற்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு மீன். கடைசி மீன் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்பதுதான் கணக்கு. ஆற்று நீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்று குறியிடாதீர்கள்.

எந்தக் குறி என்பது மீனின் அளவைப் பொறுத்தது.

சுமார் 45 மி.மீ.க்குக் கீழே உள்ள குஞ்சுகளைக் கத்தரிக்க முடியாது. பிஸ்மார்க் பிரவுன் சாயம்தான் வழி. 40 லிட்டர் ஆற்று நீரில் ஒரு கிராம் கரைத்து, காற்றுக்குழாய் ஓடிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம் வைத்தால் உடல் முழுவதும் மஞ்சள் கலந்த பழுப்பாகும். சாயத்தொட்டியில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் மடியும், வெப்பமும் ஏறிவிடும். மூடிய பாட்டிலில் ஐஸ் போட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டால், ஆற்று நீருக்கும் தொட்டிக்கும் இரண்டு டிகிரிக்குமேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். பொடியை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சாயம் சில நாளில் மங்கிவிடும். அதனால் தாமதமாக இறங்கும் மீனுக்கு இது உதவாது. முட்டையிலிருந்து வெளிவந்த கையோடு இறங்கும் குஞ்சுக்குப் போதும்.

பெரிய குஞ்சுகளுக்கு வால் துடுப்பின் மேல் மடல் அல்லது கீழ் மடலின் நுனியில் இரண்டு மி.மீ. வெட்டுங்கள். ஒரு வாரம் மேல் மடல், அடுத்த வாரம் கீழ் மடல் என்று மாற்றினால், எந்த வாரம் விட்ட மீன் எந்த வாரம் சிக்கியது என்று தெரியும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பில் கை வைக்காதீர்கள். அது வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பக மீன் என்று அந்தப் பகுதி முழுவதும் எடுத்துக்கொள்வார்கள்.

65 மி.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு 12 மி.மீ. பிட் டேக் (உடலுக்குள் செலுத்தும் மின்னணுக் குறி) போடலாம். ஒவ்வொரு மீனுக்கும் தனி எண் கிடைக்கும். எத்தனை மணி நேரத்தில் இறங்கியது, எந்த அளவு மீன் அதிகம் சிக்குகிறது என்று எல்லாம் பார்க்கலாம். விலைதான் இடிக்கும். பிடிதிறனை மட்டும் பார்ப்பதென்றால் கத்தரிக்கோலே போதும்.

படி 5: விடுவித்தல்

பல கணக்குகள் கெடுவது இங்கேதான். காலையில் குறியிட்ட மீனைத் துளையிட்ட பெட்டியில் ஆற்றிலேயே மாலை வரை வையுங்கள். விடுவதற்கு முன் மறுபடியும் எண்ணுங்கள். செத்தவை, சாய்ந்து நீந்துபவை, துடுப்பில் ரத்தம் கட்டியவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ‘கு’ என்று எழுதுங்கள். காலையில் 212 குறியிட்டது முக்கியமில்லை. மாலையில் நீந்திப் போன 205-தான் எண்.

எவ்வளவு மேலே விடுவது? பொறிக்கு 100 மீட்டர் மேலே கரையோரமாக விட்டால், மீன் அதே கரையைப் பிடித்து இறங்கும். பொறி அந்தக் கரையில் இருந்தால் பிடிதிறன் பொய்யாக உயரும், எதிர்க்கரையில் இருந்தால் பொய்யாகத் தாழும். மூன்று நான்கு கிலோமீட்டர் மேலே விட்டால் வழியில் மெர்கன்ஸர் வாத்தும் டிரவுட்டும் தின்றுவிடும், சில மீன் ஏதாவது ஒரு மடுவில் தங்கிவிடும். குறைந்தது இரண்டு மடுவும், நீர் கற்கள்மேல் துள்ளி ஓடும் ஆழமற்ற இடங்கள் இரண்டும் நடுவில் இருக்கும்படி, அரை கிலோமீட்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் இடம் பாருங்கள். பாலம் இருந்தால் வசதி: ஆற்றின் அகலம் முழுவதும் பரப்பி விடலாம்.

பொழுது சாய்ந்த பின் விடுங்கள். குறியில்லாத மீன் இரவில் இறங்க, குறியிட்டதை நண்பகலில் விட்டால் இரண்டும் ஒரே பொறியைச் சந்திக்கவில்லை. பகலில் கூம்பு மீனின் கண்ணுக்குத் தெரியும், விலகிப் போகும். வாளியை ஒரேயடியாகக் கவிழ்க்காமல், ஐந்து பத்தாகக் கைவலையில் எடுத்து, சில நிமிட இடைவெளி விட்டு இரு கரையிலும் விடுங்கள்.

குறியால் எத்தனை மீன் சாகின்றன என்பதையும் பருவத்தில் சில முறை சோதிக்க வேண்டும். 30 குறியிட்டதையும் 30 குறியிடாததையும் தனித்தனிப் பெட்டிகளில் 48 மணி நேரம் வைத்துப் பாருங்கள். குறியிட்டவற்றில் 10 சதவீதம் இறந்தால் ‘கு’வைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கொள்ளலாமே என்று தோன்றும். அதைவிடக் கையாளும் முறையைச் சரிசெய்வது நல்லது. செத்தது பத்தில் ஒன்று என்றால், தளர்ந்தது அதைவிட அதிகமாகவே இருக்கும்.

படி 6: மீண்டும் சிக்கியதைப் பார்ப்பது

விட்ட மீனில் பெரும்பாலானவை முதல் மூன்று இரவுகளுக்குள் வந்துவிடும். அந்த நாட்களில் பெட்டியில் விழுந்த ஒவ்வொரு மீனையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சாயமிட்ட குஞ்சை வெள்ளைத் தட்டில் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் டார்ச் ஒளியில் எல்லாக் குஞ்சும் பழுப்பாகத்தான் தெரியும். வால் நுனி இயல்பாகவே கிழிந்திருக்கலாம். கத்தரித்த விளிம்பு நேர்கோடாக இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள். மீன் குவிந்த இரவில் ஒரு பகுதியை மட்டும் பார்த்தால், பார்த்த பங்கு எவ்வளவு என்று எழுதி ‘மீ’யையும் அதே விகிதத்தில் திருத்த வேண்டும்.

படி 7: வாரவாரியாகக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்வோம். இரண்டாவது வாரம் வெள்ளம்.

முதல் வாரம்: கு 400, மீ 47, பு 2,150. மதிப்பீடு 2,150 × 401 ÷ 48 = 17,961.
இரண்டாம் வாரம்: கு 350, மீ 13, பு 1,280. மதிப்பீடு 1,280 × 351 ÷ 14 = 32,091.
மூன்றாம் வாரம்: கு 420, மீ 62, பு 1,740. மதிப்பீடு 1,740 × 421 ÷ 63 = 11,628.
மொத்தம் 61,680.

வெள்ள வாரத்தில்தான் பொறியில் மிகக் குறைவாக விழுந்தது. ஆனால் ஆற்றில் அதிகமாக இறங்கியது அந்த வாரம்தான். மூன்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டால் கு 1,170, மீ 122, பு 5,170, விடை 49,220. அதாவது 12,000-க்கு மேல் மீன் காணாமல் போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு. பருவம் முழுவதற்கும் ஒரே பிடிதிறன் என்று எடுத்துக்கொள்வதன் விலை இது.

அடுத்தடுத்த இரண்டு வாரங்களைச் சேர்க்கலாமா என்பதை கை-வர்க்கச் சோதனையால் (chi-square test) முடிவு செய்யுங்கள். முதல் இரு வாரங்களின் பிடிதிறனுக்கு (11.75, 3.7 சதவீதம்) மதிப்பு 16-க்கு மேல் வரும், எல்லை 3.84. எனவே சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு வாரத்துக்கும் பிழையைக் கணக்கிட உதவும் விலக்க வர்க்கச் சராசரி (variance):

(கு + 1) × (பு + மீ + 1) × (கு − மீ) × பு ÷ [(மீ + 1)² × (மீ + 2)]

மேலே உள்ள எண்களைப் போட்டு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் முறையே 2,434, 8,163, 1,364. விலக்கங்களைக் கூட்டாதீர்கள், விலக்க வர்க்கச் சராசரிகளைக் கூட்டிப் பிறகு வர்க்கமூலம் எடுங்கள்: 8,627. அதை 1.96-ஆல் பெருக்கி, மொத்தத்திலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி கிடைக்கும், ஏறத்தாழ 44,800 முதல் 78,600 வரை. இந்த நிச்சயமின்மையில் பத்தில் ஒன்பது பங்கு, 13 மீன் மட்டுமே திரும்பிய அந்த வெள்ள வாரத்திலிருந்து வருகிறது. மற்ற வாரங்களில் இன்னும் 500 மீனுக்குக் குறியிட்டாலும் பெரிதாக எதுவும் மாறாது. வெள்ள வாரத்தில் 700 விட்டு 26 திரும்பியிருந்தால் இடைவெளியின் அகலம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பாதுகாப்பு இடம் கொடுக்கும்வரை, நீர் ஏறும் நாட்களில்தான் அதிகம் குறியிட வேண்டும்.

ஒரு வாரம் விட்டது அடுத்த வாரமும் கணிசமாகச் சிக்கினால் இந்த எளிய வழி போதாது. 1961-ல் டாரக் தந்த அணி (matrix) முறை அதற்காகத்தான். டார் (DARR) மென்பொருள் அதைச் செய்யும். சில வாரங்களில் குறியே இட முடியாமல் போனால், ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில் உள்ள பிடிஎஸ்பாஸ் (BTSPAS) தொகுப்பு பக்கத்து வாரங்களின் தகவலைக் கடன் வாங்கி நிரப்பும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள கோன் ஆற்றில் செய்வதுபோல் மேலே ஒரு பொறியில் குறியிட்டு, கீழே இன்னொரு பொறியில் பிடிக்க முடிந்தால், மீனை மேலே தூக்கிச் செல்லும் வேலையே மிச்சம்.

பிழை எந்தப் பக்கம் சாயும்?

குறியிட்ட மீன் செத்தால் ‘மீ’ குறையும். சாயம் மங்கினாலும், எண்ணுபவர் கவனிக்காவிட்டாலும், பறவை தின்றாலும், பொறியை ஒரு முறை பார்த்த மீன் அடுத்த முறை விலகிப் போனாலும், இன்னும் கடலுக்குத் தயாராகாத குஞ்சுக்குக் குறியிட்டு அது ஆற்றிலேயே தங்கிவிட்டாலும் ‘மீ’ குறையும். ‘மீ’ குறைந்தால் மதிப்பீடு ஏறும். எனவே எதிர்பாராத அளவுக்கு நல்ல செய்தி வந்தால், கொண்டாடுவதற்கு முன் அந்த வாரத்து விடுவிப்புப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கணக்கைக் குறைத்துக் காட்டும் காரணங்கள் மிகச் சில: பொறிக்கு அருகில் அதே கரையில் விடுவது, பலவீனமான மீன் ஓட்டத்தை எதிர்க்க முடியாமல் கூம்புக்குள் விழுவது, வெவ்வேறு வாரங்களைக் கலப்பது.

ஓர் இனத்தின் பிடிதிறனை இன்னொன்றுக்கு ஓட்டாதீர்கள். 180 மி.மீ. ஸ்டீல்ஹெட், கோஹோ சிக்கும் அளவுக்குச் சிக்காது. சினூக்கிலேயே பிப்ரவரியில் இறங்கும் 40 மி.மீ. குஞ்சும் ஜூனில் இறங்கும் 80 மி.மீ. மீனும் தனித்தனிக் கணக்கு. பொரிப்பக மீனைக் கடன் வாங்கிக் குறியிடுவது எளிது, எண்ணிக்கையும் தாராளம். ஆனால் அது காட்டு மீனைப்போல நீந்துகிறதா என்று ஒரே இரவில் இரண்டையும் விட்டு ஒப்பிட்ட பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

பொறி ஓடாத நேரம்

ஆறு மணி நேரம் கூம்பு நின்றிருந்தால், முந்தைய இரவிலும் அடுத்த இரவிலும் அதே ஆறு மணி நேரத்தில் விழுந்ததன் சராசரியை எடுத்து நிரப்புங்கள். இரவு நேரத்தைப் பகல் சராசரியால் நிரப்பக் கூடாது. நிரப்பிய எண்ணை வேறு நிறத்திலோ தனிக் கட்டத்திலோ எழுதுங்கள். பருவ மொத்தத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் பிடித்தது, எத்தனை நிரப்பியது என்று அறிக்கையில் சொல்ல வேண்டும். பொறி போடுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்ட குஞ்சுகளுக்கும், எடுத்த பிறகும் இறங்கிக்கொண்டிருந்தவற்றுக்கும் இதே விதிதான்: முதல் சில நாட்களின் போக்கைப் பூஜ்யம் வரை நேர்கோட்டில் நீட்டி ஒரு தோராய எண் எடுக்கலாம், ஆனால் அதை மதிப்பீட்டோடு கலக்காமல் தனி வரியில் காட்டுங்கள்.